குனிந்து பொறுக்கியது

வேனிலிருந்து இறங்கி அலுவலகக் கட்டடத்தின் பின்வாசலுக்குப் போக இருபது எட்டு வைக்கக்கூட வேண்டாம். அந்த இருபது எட்டையும் தலையைத் தூக்காமல் கடக்க வேண்டும், யார் எதை நீட்டினாலும் வாங்கக் கூடாது, யாரைப் பார்த்தும் சிரிக்கக் கூடாது என்று ஏஜென்சிக்காரன் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குத் துப்புரவுப் பெண்கள் வைத்திருந்த பெயர் இஸ்திரி. எந்த வெயிலிலும் எந்த மழையிலும் அவன் சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்து யாரும் பார்த்ததில்லை. வாசலின் இரண்டு பக்கமும் சங்கத்துக்காரர்கள் அட்டைகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். பெரும்பாலும் அந்தக் கட்டடத்திலேயே மேஜை நாற்காலி உள்ளவர்கள், நிரந்தர ஊழியர்கள். உள்ளே துடைத்துப் பெருக்குகிற பெண்களுக்காக அவர்கள் வெளியே தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, அந்தப் பெண்களோ திரை போட்ட வேனில் வந்து இறங்கி, அவர்களுக்கு நடுவிலேயே புகுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் வேனில் யாரோ, "நமக்காகத்தான் வழிய மறிக்கிறாங்க. நாமதான் இடிச்சுத் தள்ளிக்கிட்டு உள்ள போறோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம். முன்வரிசையில் நின்ற நரைத்த மீசைக்காரரின் கையிலிருந்து துண்டறிக்கைக் கட்டு நழுவியது. காகிதங்கள் சிமெண்ட் தரை முழுக்கப் பறந்து, பெண்களின் செருப்புகளுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டன. ஆறு பேர் மிதித்துக்கொண்டு போனார்கள். ஏழாவதாக வந்தவள் குனிந்தாள்.

யோசித்துக் குனியவில்லை. இந்த வேலைக்கு வந்த மூன்று வருஷமாக அவளுக்கு அப்படித்தான். தரையில் எது கிடந்தாலும் கை முந்திக்கொள்ளும், புத்தி பின்னாலேதான் வந்து சேரும். பஸ் நிறுத்தத்தில் யாரோ போட்ட டிக்கெட்டைப் பொறுக்கி, போடக் குப்பைத்தொட்டி கிடைக்காமல், அறை வரைக்கும் கையில் பொத்திக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போதும் இடது கையில் வைத்து வலது கையால் பொறுக்கி, சுவரோரம் ஒதுங்கியவற்றைக் காலால் அணைத்து, நாலைந்து எட்டு பின்னுக்கே போய்விட்டாள். ஏதோ ஒரு காகிதத்தைத் திருப்பியபோது அதில், அவர்களோடு வேலை பார்த்த பாட்டுக்காரியின் முகம் இருந்தது. அதற்கப்புறம்தான் சத்தம் காதில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் உட்காருகிற அம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க என்னவோ சொன்னாள். எதிரே ஒரு கைபேசி உயர்ந்தது. யாரோ கூப்பிட்டார்களே என்று இவளும் தலையைத் தூக்கி அதைப் பார்த்துவிட்டாள்.

பொறுக்கிய காகிதங்களை மீசைக்காரரிடம் திணித்துவிட்டு உள்ளே ஓடியபோது, முன்னால் போன ஆறு பேரும் சரக்கு லிஃப்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றார்கள். அவள் ஏறியதும் ஒருத்தி பொத்தானை அழுத்தினாள்.

அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது நாத்தனார், புருஷனின் அக்கா. இவள் அண்ணி என்று கூப்பிடுவாள். நாத்தனார் இங்கே வந்து பதினோரு வருஷம். துடைப்பத்தில் ஆரம்பித்து, இப்போது நாலு மாடிக்கு மேற்பார்வை, இடுப்பில் சாவிக் கொத்து. ஏஜென்சி தெருவில் போகிற ஆட்களை எடுப்பதில்லை. உள்ளே இருக்கிற ஒருத்தி தன் சொந்தத்தில் இன்னொருத்தியைக் கூட்டி வர வேண்டும், அவளுக்காகப் பொறுப்புக் கையெழுத்துப் போட வேண்டும். தங்கைக்கு அக்கா, மருமகளுக்கு மாமியார், தம்பி பெண்டாட்டிக்கு நாத்தனார். ஒருத்தி முரண்டு பிடித்தால் இரண்டு பேருக்கும் ஊர் திரும்ப டிக்கெட். பூட்டோ காவலோ வேண்டாம், உறவே போதும் என்று கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ. ஏழு பெண்களில் ஆறு பேருக்கு இப்படி ஒருத்தி முதுகில் இன்னொருத்தி.

பாட்டுக்காரி மட்டும் தனி ஆள். அவளைக் கூட்டி வந்த சித்தி போன வருஷமே ஊருக்குப் போய்விட்டாள். தரை துடைக்கும்போது வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருப்பாள். என்ன பாட்டு என்று கேட்டால், பாட்டு இல்லை, மூச்சு வாங்குகிறது என்பாள். பெரிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுக்கிற தரை துடைக்கும் மருந்துக்கு எந்தக் காலிப் புட்டி கிடைத்ததோ அதுதான் புட்டி. எது எது என்று வாசனையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜலதோஷம் பிடித்திருந்த ஒரு நாள் பாட்டுக்காரிக்கு வாசனை தெரியவில்லை, ஒன்றோடு இன்னொன்றைக் கலந்துவிட்டாள். இரண்டு கையும் முழங்கை வரை வெந்து தோல் உரிந்தது. கையுறையும் நாலு நாள் லீவும் கேட்டாள். மூன்றாம் நாள் வேலை முடிந்து இவர்கள் அறைக்குத் திரும்பியபோது அவள் கட்டிலில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து பையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கொடியில் பாட்டுக்காரி துவைத்துப் போட்ட பாவாடை இன்னும் ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சங்கத்துக்குக் கொண்டுபோனது மூன்றாம் மாடி அம்மாள்தான். "பாடிக்கிட்டே வருவாளே, அவ எங்கே?" என்று ஒரு நாள் கேட்டிருக்கிறாள். கட்டடக்காரர்களிடம் போனால், அவள் ஏஜென்சி ஆள், எங்களுக்குத் தெரியாது என்றார்களாம். ஏஜென்சியிடம் போனால், அவள் அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்தவள், எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்றார்களாம். அப்புறம்தான் வாசலில் வந்து நின்றார்கள். துண்டறிக்கையை இந்தப் பெண்களின் பாஷையிலும் யாரையோ வைத்து எழுதியிருந்தார்கள். 'பெருமதிப்பிற்குரிய துப்புரவுத் தோழியர்காள்' என்று தொடங்கியது. மறியல் தொடங்கிய முதல் நாள் கழிப்பறைக் கதவில் ஒட்டியிருந்ததைச் சுரண்டும்போது அவள் இரண்டு தடவை வாசித்தாள். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நம்பிக்கை வரவில்லை. கோர்ட்டு நோட்டீஸ் போல இருக்கிறதே என்றுதான் தோன்றியது.

மூன்றாம் மாடி அன்று காலியாகக் கிடந்தது. எல்லா நாற்காலியும் இருந்தன, ஆள் இல்லை. அழுக்காக்க யாரும் வராத இடத்தை அவள் துடைத்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். மற்ற நாட்களில் இந்த நேரத்தில் அவளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒவ்வொரு மேஜையாகப் பார்த்து அந்த ஆளின் வீட்டை நினைத்துக்கொள்வாள். இவன் வீட்டில் நாய் இருக்கும், இவளுக்கு ராத்திரி தூக்கம் வராது. இன்றைக்கு எந்த வீட்டுக்குள்ளும் போக முடியவில்லை. ஜன்னலருகே போனாள், வந்தாள், மறுபடி போனாள். கீழே அட்டைகள் ஒரு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரிந்தன. அவர்களில் பாதிப் பேரின் முகத்தைவிட அவர்களின் குப்பைக்கூடைகளே தனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

நாத்தனார் கழிப்பறையில் வந்து பிடித்தாள். கதவைச் சாத்தி, கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினாள். சங்கத்துக்காரர்கள் படத்தை எல்லா இடத்துக்கும் அனுப்பியிருந்தார்கள். கை நிறையக் காகிதத்தோடு இவள், பின்னால் அட்டைகள், தோளில் அந்த அம்மாளின் கை. மறியலிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் கை இருக்கே, பொணத்து மேல பூ கிடந்தாலும் பொறுக்கும்" என்றாள் நாத்தனார்.

இவளுக்குச் சிரிப்பு வந்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. தன் மகனுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கிறது என்று ஆரம்பித்தாள். தன் தம்பி, இவள் புருஷன், நொண்டிக் காலோடு எந்த வேலைக்குப் போவான் என்றாள். நீ வந்த அன்றைக்கு உனக்குத் தலைகாணி இல்லையென்று என் தலைகாணியைக் கொடுத்துவிட்டு எத்தனை நாள் புடவையைச் சுருட்டி வைத்துப் படுத்தேன் தெரியுமா என்றாள். எல்லாம் உண்மை. கீழே இஸ்திரி கூப்பிடுகிறான், போ, குப்பை கிடந்தது, பொறுக்கினேன் என்று சொல், அவனும் அதைத்தான் எதிர்பார்க்கிறான், அதோடு முடிந்துவிடும் என்றாள்.

"அதுதானே அண்ணி நடந்தது? குப்பைன்னுதானே எடுத்தேன்?"

நாத்தனார் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். இவள் முகம் விலகி, கைகள் மட்டும் திரையை நிறைத்தன. காகிதங்கள் ஓரத்தோடு ஓரம் சேர்ந்து, பாட்டுக்காரியின் முகம் மேலே பார்க்க, கடைசிக் காகிதம் வரை ஒரே சீராக இருந்தன.

"குப்பைன்னா கசக்கிப் பையில போட்டிருப்ப. நீ தட்டி அடுக்கியிருக்க" என்றாள், குரலை ரொம்பத் தாழ்த்தி. "அவன் ஆம்பள. அவனுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்."

இஸ்திரியின் மேஜை கீழ்த்தளத்தில், சரக்கு வண்டிகள் வந்து நிற்கிற சரிவுப் பாதையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் இருந்தது. துடைப்பங்களுக்கும் கேன்களுக்கும் நடுவில் அவன் சட்டை மட்டும் பளிச்சென்றிருந்தது. கோபமாக இருப்பான் என்று நினைத்தாள். அவனோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். உன் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை, வெள்ளந்தியான பொண்ணு, குப்பையைக் கண்டால் விட மாட்டாய், அதைத்தான் அவர்கள் படம் பிடித்து வித்தை காட்டுகிறார்கள் என்றான். அவன் சொல்லச் சொல்ல, தான் அப்படிப்பட்டவள்தானோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. தட்டச்சு செய்த ஒரு தாளை நகர்த்தினான். பேனாவை மூடி கழற்றி வைத்தான். நாத்தனார் கதவோரம் நின்றாள்.

அவள் வாசித்தாள். நின்று நின்றுதான் வாசிக்க வரும். வாசலில் கிடந்த குப்பையை அகற்றினேன் என்பது முதல் வரி. மறியல் செய்தவர்கள் என்னை வலுக்கட்டாயமாகப் பிடித்து நிறுத்தினார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது வரியில் பாட்டுக்காரி வந்தாள். சொல்லச் சொல்லக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு மருந்துகளைக் கலந்தாள், அதை நான் கண்ணால் பார்த்தேன் என்று இருந்தது.

முதல் வரிக்கு மட்டும் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டாள். இஸ்திரி சிரித்தான். தாள் ஒன்று, கையெழுத்து ஒன்று என்றான்.

விரல்கள் சும்மா இருக்கவில்லை. மேஜை மேல் சிதறிக் கிடந்த குண்டூசிகளைப் பொறுக்கி ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் கையை மடியில் வைத்து, ஒன்றால் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். காலையில் கை செய்தது ஒன்று, புத்தி வந்து சேர்ந்த பிறகு செய்தது இன்னொன்று. கீழே கிடந்ததைக் கை எடுத்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு ஓரங்களைத் தட்டிச் சேர்த்தது யார்? அவ்வளவு சத்தத்துக்கு நடுவில், ஒரு நிமிஷம்கூட இருக்காது, தான் என்ன நினைத்தோம் என்று தேடிப் பார்த்தாள். இவ கசங்கக் கூடாது என்று நினைத்தது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். பெரிதாக வேறொன்றும் நினைக்கவில்லை.

நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குப்பை பொறுக்கல" என்றாள் இவள்.

இஸ்திரிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு அவன் அவளிடம் பேசவே இல்லை. நாத்தனாரைப் பார்த்து, இவளுக்குப் பொறுப்புக் கையெழுத்துப் போட்டது நீதானே, நீ எடுத்துச் சொல், இல்லையென்றால் இரண்டு பையையும் கட்டச் சொல், வேன் இன்னும் பத்து நிமிஷத்தில் சரிவுப் பாதைக்கு வரும் என்றான். சொல்லிக்கொண்டே கைபேசியில் டிரைவரைக் கூப்பிட்டான். அண்ணி இப்போது கன்னத்தில் அறைவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

நாத்தனார் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைக் கழற்றினாள். மேஜை மேல் வைக்கப் போகிறாள் என்று தோன்றியது. வைக்கவில்லை. கையில் இறுக்கிக்கொண்டு ஸ்டோர் ரூமை விட்டு வெளியே போனாள். இவள் பின்னால் ஓடினாள். "அண்ணி" என்று கூப்பிட்டாள். நாத்தனார் திரும்பாமல், "பேசாம வா" என்றாள். அது எந்தப் பேசாம வா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

சரிவுப் பாதையின் மேல் முனையில், மறியலுக்குப் பயந்து காவல்காரர்கள் இரும்பு ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கிப் பூட்டியிருந்தார்கள். கீழே விட்டிருந்த இடைவெளி முழங்கால் உயரம். அதன் வழியாக வெயில் சிமெண்ட் தரையில் நீளமாக விழுந்திருந்தது. வெளியே கால்கள் தெரிந்தன. தேய்ந்த பூட்ஸ், குதிகால் செருப்பு, கட்டை விரல் பிதுங்கிய கேன்வாஸ் ஷூ. ஒரு ஜோடி கால்கள் வலியில் மாறி மாறி எடையை மாற்றிக்கொண்டிருந்தன. கோஷம் ஓய்ந்து யாரோ தண்ணீர் கேட்கிற சத்தம் வந்தது. தூரத்தில் ஒரு வண்டி கியரை மாற்றி மேட்டில் ஏறுகிற சத்தமும் கேட்டது. நாத்தனார் பூட்டைத் திறந்தாள். சாவிக் கொத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஷட்டரின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தாள். முழுக்கத் தூக்கினால் வெளியே சங்கத்துக்காரர்கள், இறக்கினால் வேன் வருகிறவரை உள்ளேதான். தூக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. அவள் பிடித்த பிடியில் அந்த இரும்புத் தகடு மேலிருந்து கீழ் வரை சன்னமாக அதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் கேட்டோ என்னவோ, வெளியே இருந்த கால்கள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின.