ஏழடி வட்டத்துக்குள் கௌசி

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் இருபத்தொன்பதாம் திகதி, புதன்கிழமை, பின்னேரம் மூன்று பத்துக்கு, ஈஸ்ட் ஹாம் ஹெரன்ஃபீல்ட் பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் பத்தாம் வகுப்பு கௌசி எறிந்த மூன்று கிலோ இரும்புக் குண்டு இன்னும் கீழே வரவில்லை. அது அறிவியல் கட்டடத்துக்கு மேலால் போனபோது தோடம்பழ அளவில் இருந்தது. பிறகு நெல்லிக்காய் அளவு, பிறகு மிளகளவு, கடைசியில் கடுகளவு. கடுகளவிலேயே நின்றுவிட்டது. ஒரு புறா விலகி வழிவிட்டதைத் தொண்ணூறு பேர் பார்த்தார்கள். அவ்வளவு உயரம் போனதற்குக் காரணம் கௌசியின் தோள்பலம் மட்டுமல்ல. அவள் எறிய முறுகித் திரும்பிய அதே கணத்தில் வெளியே வீதியில் அவளுடைய அம்மா தவமலர், கணக்கு ரியூசனுக்கு நேரமாகிறது என்று காரின் ஹோனை விடாமல் அமத்தினார். பதினைந்து வருடக் கோபம் முழுவதும் அந்தக் குண்டோடு சேர்ந்து மேலே போனது.

அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பியற்றிஸ் ரீச்சர். குருநகர்க்காரி, பத்தொன்பது வருடமாக அங்கே விளையாட்டு ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது கைப்பையில் செபமாலைக்குப் பக்கத்தில் விதிப் புத்தகமும் இருக்கும். குண்டு நிலத்தைத் தொடும்வரை எறிந்தவர் வட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது, வந்தால் பவுல் என்று அந்தப் புத்தகம் சொல்கிறது. ஆகவே எல்லாரும் நின்றார்கள். மூன்றரைக்குத் தேநீர் வந்தது. நாலு மணிக்கு உப அதிபர் மணிக்கூட்டைப் பார்த்து, பவுல் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவோமா என்று மிகவும் பணிவாகக் கேட்டார். நாலு ஐந்துக்குத் தவமலர் காரைப் பூட்டிவிட்டுப் புல்வெளியைக் குறுக்கறுத்து நடந்து வந்தார். அந்த நடையைக் கண்டு நூறு மீற்றர் ஓட்டக்காரப் பிள்ளைகளே ஒதுங்கி நின்றார்கள்.

"வெளியில வாடி! மாஸ்டர் பார்த்துக்கொண்டு நிக்கிறார்."

"வர ஏலாது அம்மா. குண்டு விழேல்லை. இப்ப வந்தால் பவுல்."

"பவுலெண்டால் என்ன இப்ப?"

"சைபர்."

தவமலர் நின்றுவிட்டார். ஓட்டம் ஆட்டம் எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் ஏழாம் வகுப்பு உயிரியலில் குறைத்துப் போட்ட அரைப் புள்ளிக்காக மூன்று நாள் வேலைக்கு லீவு எடுத்து, பள்ளிக்கூட வரவேற்பறையில் சாப்பாட்டுப் பெட்டியோடு குந்தியிருந்து, அந்த அரையையும் மேலதிகமாக ஒரு கால் புள்ளியையும் வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். அவருடைய வீட்டுக்குள் சைபர் என்ற எண் பூச்சியத்தின் உருவத்தில்கூட நுழைந்ததில்லை. வட்டத் தட்டு வாங்கும்போதே யோசிப்பார்.

"என்ர பிள்ளைக்குச் சைபரோ?" என்று உப அதிபரைப் பார்த்துக் கேட்டார். தமிழில்தான் கேட்டார். உப அதிபருக்கு நன்றாக விளங்கியது. பேனாவைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். "நில்லடி அங்கேயே," என்றார் தவமலர் மகளிடம். "நான் போய் இடியப்பம் கொண்டு வாறன்."

அப்படித்தான் கௌசி மூன்று வருடம் இரண்டு மாதம் வட்டத்துக்குள் இருந்தாள். குண்டெறியும் வட்டம் குறுக்கே ஏழடி, கௌசி ஐந்தடி நாலங்குலம். காலை நீட்டிப் படுக்கலாம், தலைமாட்டில் புத்தக அடுக்கும் வைக்கலாம். அவளுடைய அப்பா ஞானேஸ்வரன் பார்க்கிங் வீதியில் கார் திருத்தும் கராஜ் வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். அன்று மாலையே வந்து ஒரு கூடாரம் அடித்தார். குளியல் முதலான மற்ற விடயங்களுக்கும் ஏற்பாடு செய்தார். அது ஒரு பச்சைத் தார்ப்பாயும் மிகுந்த கெட்டித்தனமும் சேர்ந்த ஏற்பாடு, அதற்கு மேல் விளக்குவது மரியாதை அல்ல. வேலை முடிந்ததும் நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்த்தபடி அவர் நெடுநேரம் நின்றார். இளமையில், ஊரில் சண்டை நடந்த காலத்தில், வானத்திலிருந்து விழுபவற்றை நிறையப் பார்த்தவர். விழாத ஒன்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். தேநீர் இரண்டு குவளை குடித்தார்.

பிள்ளை பாடத்துக்குப் போக முடியாததால் பாடங்கள் பிள்ளையிடம் வந்தன. கணித வகுப்பு புல்லில் இருந்தது, சித்திர வகுப்பு மரத்தடியில் இருந்து கௌசியை வரைந்தது, பாட்டுக் குழு அவளைச் சுற்றி நின்று பாடியது. அதுவரை கணக்குக்காரர் ஓட்டக்காரருடன் கதைப்பதில்லை, ஓட்டக்காரர் பாட்டுக்காரரைக் கணக்கெடுப்பதில்லை. இப்போது எல்லாரும் ஒரே புல்லில் ஒரே எறும்புகளிடம் கடி வாங்கினார்கள். 2023இல் பரீட்சை வந்தபோது ஒருத்திக்கு மட்டும் வெளியே என்றால் நியாயமில்லை என்று இருநூற்றுப் பத்து மேசைகளையும் மைதானத்துக்குத் தூக்கி வந்தார்கள். காற்றில் பறந்த ரசாயனவியல் விடைத்தாளைத் துரத்திப் பிடித்த ஒரு பையன் அந்த ஓட்டத்திலேயே பிராந்தியச் சாதனையை முறியடித்தான். கௌசிக்கு ஒன்பது பாடத்திலும் அதியுயர் தரமான ஒன்பது. தவமலர் பெறுபேற்றுத் தாளை மூன்று தரம் வாசித்தார். "எல்லாம் சரி. ஒண்டுதான் இன்னும் வரேல்லை," என்று மேலே பார்த்தார்.

கௌசியின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நானூறு அழைப்பிதழ் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. நடன ஆசிரியை நிர்மலா கோயம்புத்தூர்க்காரர். வட்டத்தைச் சுற்றி வந்து காலால் அளந்தார். "ஏழடி தானுங்களே? ஆடிடலாமுங்க. பெரிய மேடையில பாதி பிள்ளைங்க தொலைஞ்சே போயிடுதுங்க," என்றார். தில்லானாவில் ஒரு துள்ளல் வந்தது. அந்தரத்தில் நிற்பது வெளியேறியதாகுமா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். பியற்றிஸ் ரீச்சர் ஒப்பனை செய்த கௌசியின் கால்களுக்குக் கிட்டக் குப்புறப் படுத்திருந்து, பவுல் இல்லை என்ற வெள்ளைக் கொடியைத் தூக்கிக் காட்டினார். "வட்டத்துக்கு மேல உள்ள காத்தும் வட்டம்தான்!" கைதட்டல் அடங்க ஆறு நிமிடம் பிடித்தது. சிற்றி விமான நிலையத்துக்கு இறங்கிய விமானம் ஒன்று மரியாதைக்காகச் சற்றுத் தள்ளிப் போனது.

சிக்கல் 2025 செப்டெம்பரில் வந்தது. மைல் எண்டில் உள்ள பல்கலைக்கழகத்தில் கௌசிக்கு இடம் கிடைத்திருந்தது. விழும் பொருள்களைப் பற்றிய பொறியியல். மூன்று வருடம் மேலே பார்த்துக்கொண்டிருந்தவள் வேறு எதைப் படிப்பாள்? திங்கட்கிழமை முதல் வகுப்பு. ஞாயிறு காலை இடியப்பப் பெட்டியோடு தவமலர் வந்தபோது கூடாரம் மடித்துக் கட்டியிருந்தது.

"அம்மா, மூண்டு வருசம் காணும். பவுலெண்டால் பவுல். நான் வாறன்."

கௌசி வலது காலைத் தூக்கினாள்.

"வை காலை! உள்ளுக்க வை!"

"நீங்கள்தானே அண்டைக்கு வெளியில வாடி எண்டு கத்தினனீங்கள்?"

"அது அண்டைக்கு. அண்டைக்கு இவ்வளவு நேரம் மேல நிக்கேல்லை. மூண்டு வருசத்தைக் கொண்டுபோய்ச் சைபராக்கப் போறியோ?"

"அப்ப கம்பஸுக்கு நான் என்னெண்டு போறது? வட்டத்தையும் தூக்கிக்கொண்டே போறது?"

குரல் உடைந்திருந்தது. கண்ணும் கலங்கியிருந்தது. கால் மட்டும் அந்தரத்தில் அப்படியே நின்றது. மகளுடைய தொண்டைக்குள் எத்தனை நாளாக இந்த அழுகை இருந்ததோ என்று தவமலர் முதல் தடவையாக யோசித்தார். வேலைக்கு லீவு போட்டு வாங்கிவர முடியாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இடியப்பப் பெட்டியைப் புல்லில் வைத்தார். "சரி பிள்ளை," என்றார் மெல்ல. "நீ வா. சைபரெண்டால் நானும் பாதி எடுக்கிறன்."

கௌசியின் கால் இறங்கியிருக்கும். ஆனால் கூட வந்திருந்த ஞானேஸ்வரன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"பொறு," என்றார். தன் கராஜ் வான் வண்டிக்குப் போய் இரும்பறுக்கும் கிரைண்டரை எடுத்து வந்தார்.

பியற்றிஸ் ரீச்சரைத் தேவாலயத்திலிருந்து பூசைக்கு நடுவில் கூப்பிட்டார்கள். அவர் விதிப் புத்தகத்தை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் வாசித்தார். கௌசி பதினொரு நிமிடம் ஒற்றைக்காலில் நின்றாள். நிர்மலா கற்றுக்கொடுத்தது வீண்போகவில்லை. "வட்டத்தை விட்டு ஆள் போகக் கூடாது எண்டு இருக்கு," என்றார் ரீச்சர் கடைசியில். "ஆளோட சேர்ந்து வட்டம் வெளிக்கிடக் கூடாது எண்டு ஒரு இடத்திலயும் இல்லை."

ஞானேஸ்வரன் வட்டத்தின் விளிம்பில் பதித்திருந்த இரும்பு வளையத்தைக் கொங்கிறீற்றிலிருந்து அறுத்து எடுத்தார். பொறி பறந்தது. இரண்டு பழைய கார்களின் சீற் பெல்ட்டை வளையத்தில் கட்டி மகளின் தோளில் மாட்டினார். கௌசி இடுப்பளவில் வட்டத்தைச் சுமந்தபடி, அதற்குள் நின்றபடியே, பள்ளிக்கூட வாசலால் வெளியே நடந்தாள். ஹை ஸ்றீற் நோர்த்தில் நகைக்கடைக்காரரும் புடவைக்கடைக்காரரும் படியில் நின்று பார்த்தார்கள். மரக்கறிக்கடைக்காரர் மட்டும் வெண்டிக்காய்ப் பெட்டியை உள்ளே இழுத்தார்.

இப்போது தினமும் காலை எட்டு ஆறுக்கு வரும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் போகிறாள். கதவில் வளையத்தைச் சற்றுச் சரிப்பாள், பெட்டிக்குள் எல்லாரும் ஒரு மூச்சை உள்ளே இழுத்து இடம் விடுவார்கள். நெரிசலில் ஏழடி இடம் கிடைக்கிறதே என்று சில கர்ப்பிணிகளும் உள்ளே குனிந்து வந்து நிற்பதுண்டு.

சென்ற தை மாதம் ஒரு கலியாண வீட்டில் நாகேஸ்வரி என்ற பழைய சிநேகிதி தவமலரைப் பிடித்துக்கொண்டார். "உங்கட மகளின்ர அந்த ரிசல்ட் இன்னும் வரேல்லையே? எங்கட பிள்ளை அதே வருசம் எறிஞ்சு ஒன்பது மீற்றர் இருபது."

"ஓம், வரேல்லை," என்றார் தவமலர், வடையைக் கடித்தபடி. "விழட்டும் ஆறுதலா. விழாத வரைக்கும் ஒருத்தராலும் அரைப் புள்ளி குறைக்கேலாது."

பந்தி முடிந்து வெளியே வந்ததும் எல்லாரும் செய்வதுபோல அவரும் ஒரு தரம் மேலே பார்த்துவிட்டு, குடையை விரித்தார். வெயில்தான் அடித்தது.