காப்புக் கையும் கம்பிப் படுக்கையும்

அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்ததும் அனுசியாவுக்குத் தலைகால் புரியவில்லை. நுண்ணோக்கியை விட்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்து பார்த்தாள். தகடு முழுக்கப் பச்சை. உயிருள்ள செல்லை மட்டும் பச்சையாக ஒளிரவைக்கும் சாயத்தை ஊற்றியிருந்தாள். இரண்டு முறை செத்துப்போனவை மூன்றாம் முறை பிழைத்துக்கொண்டன என்றுதானே அர்த்தம்?

வளர்ப்பது சாதாரணத் தோல் செல்தான். வளர்க்கிற இடம்தான் வில்லங்கம். நகத்தளவு சிலிக்கன் தகடு. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத நானோ கம்பிகள், கருவேல முள்ளைக் குத்திட்டு நட்டுவைத்த மாதிரி நெருக்கமாக நிற்கும். அந்த முள்படுக்கையில் உயிர் தங்குமானால், என்றைக்காவது அறுந்த நரம்போடு பேசுகிற கருவி செய்யலாம். தங்குமா என்பதுதான் அனுசியாவின் ஆராய்ச்சி. பெங்களூரிலிருந்து வந்த தகடுகளில் இது கடைசி. இதுவும் பொய்த்தால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று பேராசிரியர் சங்கரலிங்கம் சொல்லியிருந்தார். மாற்றுவது என்றால் மூன்று வருஷ உழைப்பைக் குப்பையில் கொட்டுவது. அப்புறம் வீட்டில் என்ன பேச்சு ஆரம்பிக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா?

சங்கரலிங்கம் வந்து பார்த்தார். லேசில் சிரிக்காத மனுஷன் பல் தெரியச் சிரித்து, அருப்புக்கோட்டை பஜாருக்கு ஆளனுப்பிக் காராச்சேவு வாங்கிவரச் சொன்னார். அந்தச் சந்தோஷத்திலேயே அனுசியா கையுறையைக் கழற்றினாள். கழற்றியவள் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

மணிக்கட்டில் காப்புக் கயிறு. திருச்சுழிக்குப் பக்கத்தில் அவள் ஊர். அங்கே அம்மன் கோயிலுக்குப் பங்குனிப் பொங்கல் சாட்டியிருந்தார்கள். முளைப்பாரி போடுகிறவள் என்பதால் மஞ்சள் துண்டு முடிந்த கயிற்றைக் கையில் கட்டிவிட்டார்கள். முளைப்பாரியைத் தண்ணீரில் கரைக்கிறவரைக்கும் அவிழ்க்கக் கூடாது, வெளியூரில் ராத் தங்கவும் கூடாது. ஆய்வகத்துச் சட்டமோ கையில் ஒரு நூலும் ஆகாது என்கிறது. இரண்டு பக்கத்தையும் பகைக்க மனசில்லாமல், கயிற்றை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக் கையுறை போட்டிருந்தாள். கெட்டிக்காரத்தனம்தான், என்ன செய்ய! வேலை மும்முரத்தில் அது வழுக்கி இறங்கி, கையுறையின் விளிம்பெல்லாம் மஞ்சளாக்கியிருந்தது. காலையில்தான் அம்மா தங்கத்தாய் புது மஞ்சளைக் குழைத்து அதில் அப்பியிருந்தாள்.

மஞ்சளுக்கு ஒரு குணம் உண்டு. நுண்ணோக்கியின் நீல வெளிச்சம் பட்டால் அதுவும் பச்சையாகத்தான் ஒளிரும். செத்த செல்லில் ஒட்டினாலும் ஒளிரும். அப்படியானால் தகட்டில் தெரிந்தது உயிரா, உதிர்ந்த மஞ்சளா?

யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு காராச்சேவைத் தின்றுவிட்டால் கதை முடிந்தது. பொட்டலமும் வந்து சேர்ந்தது. அனுசியா அதில் கை வைக்கவில்லை.

“சார், அந்தப் பச்சை மஞ்சளா இருக்கலாம் சார்” என்றாள்.

இப்படி ஒரு வாக்கியத்தை அவர் அதுவரை கேட்டதில்லை. அவள் கையை நீட்டிக் காட்டிய பிறகுதான் விளங்கியது. பொட்டலத்தைப் பிரிக்காமல் மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. செல்களைத் தகட்டிலிருந்து பெயர்த்து, நன்றாகக் கழுவி, கம்பி இல்லாத வெறும் தட்டில் விடச் சொன்னார். உயிருள்ளது விடிவதற்குள் தட்டைப் பிடித்துக்கொண்டு பரவும், செத்தது மிதக்கும். அதைப் பார்க்கச் சாயமும் வேண்டாம், நீல வெளிச்சமும் வேண்டாம். அனுசியா முழங்கை வரை பாலித்தீன் பையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வேலையை முடித்தாள். சாயங்காலமானதும் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தான் முந்திப் பார்க்கப் போவதில்லை, காலையில் அவளே வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார் சங்கரலிங்கம்.

வீட்டில் ஒன்று விடாமல் சொன்னாள். தங்கத்தாய்க்கு முகம் சுண்டிப்போனது.

“நாந்தான அம்புட்டு மஞ்சள அப்புனேன். ஆத்தா மஞ்சளு ஒரு உசுரக் கொல்லுமா, புள்ள?”

“கொல்லாதும்மா. செத்ததையும் உசுரோட இருக்குற மாதிரி காட்டிரும்.”

அது கொல்வதைவிட மோசம் என்று தங்கத்தாய்க்குப் பட்டது போல. அன்றைக்குச் சோறு இரண்டு பேருக்குமே இறங்கவில்லை.

காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போனாள். தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். குனிந்தாள். மிதப்பவை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. மற்றவையெல்லாம் தட்டைப் பிடித்து, காலை நீட்டி, சொந்தக் காட்டில் படுத்த மாதிரி கிடந்தன. ஓரத்தில் ஒன்று இடுப்பு ஒடுங்கி இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. செத்தது எதுவும் இரண்டாகப் பிரியாது. அனுசியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை, அழுது தீர்த்தாள்.

சங்கரலிங்கமும் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார். அப்புறம், அம்மாவுக்குச் சொல்லும்மா என்றார். வராந்தாவுக்கு வந்து போனைப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் தங்கத்தாய்.

“பொழச்சிருச்சாடி?”

“பொழச்சிருச்சும்மா. ஒண்ணு ரெண்டாப் பிரியுது.”

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம், பிறகு குலவை. அம்மன் சப்பரத்துக்குப் போடுகிற அதே நீளக் குலவை, போனைக் கிழித்துக்கொண்டு வராந்தா முழுக்கக் கேட்டது. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அனுசியா மஞ்சள் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சங்கரலிங்கம் உள்ளே போய், நேற்றுப் பிரிக்காமல் வைத்த பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தார்.