ஒரு வில்பட்டை குறைந்த வண்டி

1

2025 ஜூலை 10. கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் சாலை. விற்பனைக்கு நின்ற வெள்ளை பிக்கப் வண்டியின் பின்பக்கம், பாரம் தாங்கும் இரும்பு வில்பட்டைகள் சக்கரத்துக்கு ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன.

இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. மணலூர்பேட்டை பிச்சைமுத்து நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். கத்தரி, மிளகாய் நாற்றுகளை ஊர் ஊராகக் கொண்டுபோகப் பழைய வண்டி ஒன்று தேடிக்கொண்டிருந்தார். நான் இருபது வருடம் செய்தியாளனாக இருந்தவன். பேப்பர் பார்க்கத் தெரிந்த ஆள் என்று என்னையும் கூட்டிப்போனார்.

பேப்பரில் குறை இல்லை. வண்டி எண்ணைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். ஒரே உரிமையாளர், இருசப்பன், கல்வராயன் மலை. கடன் இல்லை, வழக்கு இல்லை. சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போனது. ஒத்துப்போகாதவை வேறு. பாரம் ஏற்றுகிறவர்கள் வில்பட்டை கூட்டுவார்கள். இங்கே யாரோ கழற்றியிருந்தார்கள். பின்னால் கட்டியிருந்த இரும்புக் கூண்டில் நான்கு கொக்கிகள். நான்கிலும் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றியிருந்தது.

"இன்னாத்துக்குங்க இந்தக் கொக்கி?" என்று கேட்டார் பிச்சைமுத்து.

"வாழைத்தார் மாட்டறதுக்கு," என்றார் தரகர் மாயவன்.

"வாழைத்தாருக்கு டியூப் சுத்தி மெத்தை போடுவாங்களா?"

"அது பூவன் பழம்ங்க. அடிபட்டா கோச்சிக்கும்."

பிச்சைமுத்து சிரித்துவிட்டு, மனைவி தங்கமணி கேட்கச் சொல்லி அனுப்பியிருந்த கேள்வியைக் கேட்டார். "யாராச்சும் செத்த வண்டியா? அப்படின்னா வூட்டாண்டயே வரக் கூடாதுன்னுட்டா."

"அதெல்லாம் இல்லை," என்று மாயவன் சாலையைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த நாள் காலை, இருசப்பனைப் பார்க்கக் கல்வராயன் மலைக்குப் போகும் வெள்ளிமலைப் பேருந்தில் ஏறினேன்.

2

(இந்தக் கதைக்கு முதலில் வேறு தொடக்கம் எழுதினேன்: 'மலையிலிருந்து இறங்கி வந்த வண்டியில் மூடுபனியின் வாசனை இருந்தது.' வண்டியில் டீசல் வாசனைதான் இருந்தது. அடித்துவிட்டேன்.

இன்னொன்று: 'இருசப்பன் எதையோ மறைத்தார்.' அவரைப் பார்ப்பதற்கு முன் எழுதியது. அதையும் அடித்தேன். விற்கிறவன் மறைப்பான் என்ற நினைப்பில் அவரை அப்படி உருவாக்கி வைத்திருந்தேன்.)

3

இருசப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். மரவள்ளிக் கொல்லை வரப்பில் உட்கார்ந்து பேசினோம். அவர் தங்கை பழனியம்மாளும் இருந்தார்.

"பட்டையை நான்தாங்க கழட்டினேன். பட்டை கொறஞ்சா வண்டி மெத்துனு போவும். லோடு கம்மியா ஏத்திக்கலாம். குலுங்கக் கூடாது."

அந்த ஊரிலிருந்து தார்ச்சாலைக்கு ஆறு கிலோமீட்டர் கல்லும் பள்ளமும். நோய் வந்தவர்களை அவர் வண்டியில்தான் இறக்குவார்கள். கூண்டின் நான்கு கொக்கிகளில் கயிற்றுக் கட்டிலைத் தொங்கவிட்டு, அதில் படுக்க வைப்பாராம்.

"எத்தனை பேரை இறக்கியிருப்பீங்க?"

"எண்ணலைங்க. மூணு கொழந்தை அதுலயே பொறந்துச்சு."

பிப்ரவரியில் ஒரு காலை, கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி மகேஸ்வரியைக் கண்ணாடி விரியன் கடித்தது. முள் என்று நினைத்து இன்னும் இரண்டு வரிசை பிடுங்கியிருக்கிறார். இருசப்பன் ஓட்டினார். பழனியம்மாள் பின்னால், கட்டில் ஓரமாக.

"அவங்க எங்க இறந்தாங்க?" கேட்டவுடன், என் குரலில் பழைய செய்தியாளன் தெரிந்தது எனக்கே பிடிக்கவில்லை.

"அதாங்க தெரியல. வண்டியிலயா, ஆஸ்பத்திரியிலயா. இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு கேட்டாங்க. தெரியலன்னேன். வேணான்னு போய்ட்டாங்க. இவுங்களும் போய்ட்டா பழைய இரும்புக்குத்தான். அறுத்துப் போட்டுடுவாங்க. ஓடற வண்டிங்க அது. ஓடணும்."

ஆஸ்பத்திரித் தாளை எடுத்து வந்து காட்டினார். இறந்த நேரம் 11.40 என்றிருந்தது.*

பழனியம்மாளைப் பார்த்தேன்.

"நான் பேசிக்கினே வந்தேன்," என்றார். "சாமை காயப்போட்டது, கோழியத் தொறந்து வுட்டது, எல்லாத்தையும். அவ கேக்கறான்னுதான் பேசினேன். எங்கேருந்து கேக்கலன்னு நான் பாக்கல." பிறகு, "தலமாட்டுல சொம்புல தண்ணி வெச்சிருந்தேன். கீழ வந்து பாத்தா ஒரு சொட்டு சிந்தல."

* அது மருத்துவர் பார்த்து எழுதிய நேரம். இப்படிப்பட்ட தாள்களை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். மரணம் நேர்ந்த நேரத்தையும் அது எழுதப்பட்ட நேரத்தையும் குழப்பிக்கொள்ளும் அளவுக்கு நான் புதியவன் அல்ல. கீழே ஐந்தாம் பகுதியில் நான் செய்ததைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதினேன். தாளில் இல்லாத பகுதி.

வண்டி இறங்குகிறது. மூடுபனியும் கூடவே இறங்குகிறது. கட்டில் தரையைத் தொடாமல், கூண்டைத் தொடாமல், தானாக மிதப்பதுபோல் வருகிறது. சக்கரங்கள் கல்லில் ஏறி இறங்குவது எங்கோ தூரத்தில், வேறு யாருடைய பயணத்திலோ நடக்கிறது. மகேஸ்வரி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இலைகளின் நிழல் ஒவ்வொன்றாக முகத்தின் மேல் ஏறி, நெற்றியில் தங்கி, போகிறது. ஒரு மேகம் வண்டியோடு சேர்ந்தே வளைவில் திரும்புகிறது. பழனியம்மாளின் குரல் நீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்கிறது. சாமை, கோழி, சாமை. சொம்பில் வானம் அசையாமல் இருக்கிறது.

கதையில் சாலையை நீட்டலாம். இரண்டு வளைவு கூட்டினேன். பிறகு இன்னும் மூன்று. இத்தனை வளைவு அந்த மலையில் கிடையாது. இருந்தாலும் நிறுத்த மனமில்லை.

கோமுகி அணை தெரியும் வளைவில் மகேஸ்வரி

(இந்த வாக்கியத்தைப் பலமுறை முடிக்கப் பார்த்தேன். அப்படியே இருக்கட்டும்.)

5

பதினான்காம் தேதி எல்லோரும் மாயவன் இடத்தில் கூடினோம். தங்கமணியும் வந்திருந்தார். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட இருசப்பன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

"வெசாரிச்சீங்களா சார்?" என்று தங்கமணி கேட்டார்.

நான் சொன்னேன்: "விரியன் கடிச்ச ஒருத்தரை இதுல கொண்டு வந்திருக்காங்க. இவரோட சம்சாரம். ஆஸ்பத்திரி பேப்பர்ல பதினொன்னு நாப்பதுன்னு போட்டிருக்கு. ஆஸ்பத்திரியிலதான் இறந்திருக்காங்க."

கடைசி வாக்கியம் கதை. மற்றவை செய்தி. அந்த வண்டி அறுபடக் கூடாது என்று நினைத்தேன். அதற்குமேல் என்னிடம் நியாயம் இல்லை.

"அப்ப சரி," என்றார் தங்கமணி.

இருசப்பன் பேனாவை மூடினார். "இல்லம்மா. அது டாக்டர் பாத்த நேரம். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது. வண்டியிலயே போயிருக்கலாம்."

"அண்ணே, கேட்டதுக்கு பதில் வந்துடுச்சில்ல. கையெழுத்தப் போடு," என்றார் மாயவன்.

தங்கமணி வண்டியை ரொம்ப நேரம் பார்த்தார். "இப்ப இன்னாத்துக்குங்க இதச் சொன்னீங்க? கம்முனு இருந்திருந்தா எங்களுக்குத் தெரியவா போவுது?"

"உங்களுக்குத் தெரியாதும்மா. நான் ராத்திரி போய் படுக்கணுமில்ல."

பிச்சைமுத்து வண்டியின் கதவை ஒருமுறை திறந்து மூடினார். தங்கமணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கதை எழுதற ஆளுன்னு இவரு முன்னாடியே சொன்னாரு சார். நான்தான் மறந்துட்டேன்."

இருவரும் பேருந்து நிலையம் பக்கம் நடந்து போனார்கள். இருசப்பன் படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

6

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில் வண்டியை அறுக்கிறார்கள். இரண்டு பக்கம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அறுக்கிறவனுக்கும் இறந்துபோன மனைவியாக ஒரு மகேஸ்வரியைச் சொந்தமாகக் கொடுத்துவிட்டேன். கிழித்தேன்.

இரண்டாவதில் நானே வண்டியை வாங்குகிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது.

மூன்றாவதில் பழனியம்மாளுக்கு எல்லாம் நினைவு வருகிறது. வளைவைக் கைகாட்டிச் சொல்கிறார். இதுதான் பெரிய பொய். ஐந்தாம் பகுதியில் நான் சொன்னதைவிடப் பெரியது.

நான்காம் பகுதியில் விட்ட வாக்கியத்தை முடிக்க விரும்புகிறவர்கள் முடித்துக்கொள்ளலாம். அணை தெரியும் வளைவோ, கச்சிராயபாளையத்தின் கூட்டமோ, ஆஸ்பத்திரி வாசலின் வேகத்தடையோ, வெள்ளைச் சுவருக்குள்ளேயோ. நான் எந்த இடத்தையும் எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்து வண்டி வாங்குகிறவர் அதை ஆஸ்பத்திரித் தாள் என்று நினைத்துவிடுவார்.

வண்டிக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்லலாம்.

ஜூலை 25 அன்று பிச்சைமுத்து தனியாக மலைக்குப் போனார். இருசப்பன் கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட்டில் வண்டி பிச்சைமுத்து பெயருக்கு மாறியது. நாற்றுத் தட்டுகள் அதில் ரிஷிவந்தியம் வரை போகின்றன. இரவில் வண்டி வீட்டுக்கு வராமல் பண்ணையில் நிற்கிறது. தங்கமணி இதுவரை அதில் ஏறவில்லை. பேருந்தில் போகிறார்.