பந்தக்காலுக்கு ஒரு சதுரம்

1927 நவம்பர் 13, ஞாயிறு.

முற்றத்தின் வரைபடத்தில் பந்தக்கால் நட இடம் விடவில்லை. தப்பு என்னுடையதுதான். நேற்றுச் சிமெந்துத் தளம் போட்டு முடிந்தது. இன்று காலை அக்கா நவமணி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. பந்தக்கால எங்க நடப்போற? உன் தலையிலயா?"

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். எங்கள் புந்தோங் வீட்டு முற்றம் சேறாகக் கிடக்கிறது, தங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தைப்பிங்கிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். கால் வீங்கிக் கிடக்கும் அம்மாவால் அவ்வளவு தூரம் போக முடியாது. அம்மா பார்க்காமல் தாலி கட்டிக்கொள்ள அக்காவுக்கு மனமில்லை. அதற்காகத்தான் இந்தத் தளம். நாளை மறுநாள் மாப்பிள்ளையின் சிற்றப்பா சின்னையா வந்து பார்த்து, இங்கேயா அங்கேயா என்று முடிவு சொல்வார்.

வேலை முடிந்து போகும் கட்டட வரைபட மாலை வகுப்பில் கற்றபடி அளந்து, பந்தி போடும் இடம், அடுப்பு, மழைநீர் ஓடும் சரிவு எல்லாம் குறித்திருந்தேன். பந்தக்கால் வகுப்பில் பாடமில்லை என்று சாக்குச் சொல்லலாம். கல்யாண வீட்டை நான் பார்த்ததில்லையா?

மண்ணெண்ணெய்த் தகரத்தில் மண் நிரப்பி நடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"தகரத்துல நட்டா தகரத்துக்குத்தாண்டா கல்யாணம். பூமியில நடணும். அதுவும் ஈசான மூலையில."

அந்த வடகிழக்கு மூலைக்குத்தான் தண்ணீரையெல்லாம் சரித்திருக்கிறேன். அங்கே தளத்தை வெட்டினால் ஒரே மழையில் குட்டையாகிவிடும். மத்தியானம் முழுக்க யோசித்தேன். வெட்டிய சதுரத்தைச் சுற்றிச் செங்கல் வரம்பு கட்டினால் தண்ணீர் ஒதுங்கிப் போகும். வரைந்து பார்த்தேன், சரிவு கெடவில்லை. ஆனாலும் புதுத் தளத்தை உடைக்கக் கை வரவில்லை. ஒட்டுப்போட்ட வேலை என்று சின்னையா முகம் சுளித்தால் என்ன செய்வது? அக்காவிடம் சொன்னேன்.

"உடைச்சிரு. கேட்டாருன்னா, பந்தக்காலுக்குன்னே கட்டியிருக்குன்னு நான் சொல்றேன்."

"அது பொய்யில்லையாக்கா?"

"பின்ன எதுக்குக் கட்டப்போற, கோழி அடைக்கவா? படம் போட்டே கிழவனாயிடாதலா."

நாளை வேலைக்குப் போகுமுன், சிமெந்து முழுதாக இறுகுவதற்குள், ஈசான மூலையில் ஒரு முழச் சதுரம் உளியால் வெட்டியெடுக்க வேண்டும். மாலையில் செங்கல் வரம்பு கட்ட வேண்டும். வகுப்புக்குப் போக முடியாது.