அண்ணிக்கு மட்டும் வராத மச்சம்

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இடது காதின் கீழே மிளகளவு மச்சம் ஒன்று இருக்கிறது. அதோடு பிறந்தவர்கள் ஒரே குடும்பத்தார்தான். மற்றவர்களுக்கு அது டப்பாவிலிருந்து வந்தது.

அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் கடைசியாகக் கேட்டது, நகவெட்டி எங்கே என்பது. அலமாரியில் இரண்டாவது தட்டு என்று மனைவி அடுக்களையிலிருந்து சொன்னார். "இங்க இல்ல" என்று வழக்கம்போல் தேடாமலேயே பதில் வந்தது. அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அதே தட்டிலிருந்து நகவெட்டியை எடுத்துத் திரும்பியபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இறந்திருந்தார். அச்சகத்தில் வேலை பார்த்தவர், தெருவுக்கெல்லாம் அண்ணன். அதனால் மனைவியும் தெருவுக்கெல்லாம் அண்ணிதான்.

மையும் மண்ணெண்ணெயும் பட்டு வெடிக்கும் அண்ணனின் கைகளுக்காக அந்த வீட்டில் வருடாவருடம் ஒரு களிம்பு காய்ச்சுவார்கள். அது அவர்கள் பரம்பரைப் பக்குவம். சாமந்தி இதழ்களை நிழலில் உலர்த்தி, எண்ணெயில் ஊறப்போட்டு ஜன்னலோரம் வைத்து, துணியில் வடிகட்டி, சீவிய தேன்மெழுகோடு சேர்த்து, கொதிக்கும் தண்ணீருக்கு மேல் வைத்த பாத்திரத்தில் உருக்க வேண்டும். காதின் கீழே ஒரு சொட்டு வைத்துச் சூடு பார்த்த பிறகுதான் டப்பாவில் ஊற்றுவார்கள். ஊற்றியதை உறையும்வரை நகர்த்தக் கூடாது, நடுவில் பிளந்துவிடும். அண்ணன் இறந்த வருடமும் அண்ணியின் கை தன்பாட்டுக்கு அதே அளவைக் காய்ச்சிவிட்டது. பூசுவதற்குக் கைகள்தான் இல்லை. தபால்காரருக்குக் கொடுத்தார், சலவைக்கடைக்காரிக்குக் கொடுத்தார். குதிகால் வெடிப்பும் உதட்டு வெடிப்பும் ஆறியவர்கள் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்தார்கள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார், ஒரு சாக்கு நிறைய வட்ட டப்பாக்களைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினாள். "சும்மா குடுத்தா அலமாரியில போட்டு மறந்துடுவாங்க அண்ணி. விலை போட்டாத்தான் அடி வரைக்கும் வழிச்சுப் பூசுவாங்க" என்றாள்.

அண்ணனின் பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். எல்லைத் தகராறு என்றால் முழங்கால் வலிகூட மறந்துவிடும்.

"மச்சம் இருக்கறவங்கதான் இதைக் காய்ச்சணும். அது நம்ம வீட்டு முறை."

"இத்தனை வருஷமா யார் மாமா காய்ச்சினாங்க?"

"அவன் பக்கத்துல நின்னான்ல."

"நின்னார். நின்னு நொய்நொய்னு பேசிட்டிருந்தார்."

"அவன் இருந்தவரைக்கும் நீ இந்த வீட்டு மருமக. இப்ப யாருன்னு நீயே யோசிச்சுக்க. உனக்கும் மச்சம் வரட்டும், நான் வாயே திறக்கல."

வியாபாரம் நின்றுபோவது பற்றி அண்ணிக்கு அவ்வளவு கவலையில்லை. 'இப்ப யாரு' என்பதற்குத்தான் பதில் வேண்டியிருந்தது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

மச்சம் வந்தது, தபால்காரருக்கு. அடுத்த வாரம் சலவைக்கடைக்காரிக்கு. "முகம் தெளியும்னு வாங்கினா புள்ளி வெச்சு அனுப்பறீங்களே" என்று சண்டைக்கு வந்தவள், அங்கேயே கண்ணாடியில் பார்த்துவிட்டு, எடுப்பாகத்தான் இருக்கிறது என்று இன்னொரு டப்பா வாங்கிப் போனாள். பிறகு பேருந்து நடத்துனர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, பல் மருத்துவர். மச்சம் வந்தவர்கள் கதவைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நேராக அடுக்களைக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்தார்கள். தேநீரில் சர்க்கரை குறைந்துவிட்டது என்றார்கள், குடையை எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்த பெரியப்பாவின் வீட்டில் கூட்டம் நெரிந்தது. அவர் முழங்காலைப் பற்றி விசாரித்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். திட்டுவதற்கு வாயைத் திறந்தால், "சொல்லுங்க பெரியப்பா" என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரே ஒரு சிக்கல் வந்தது. தையற்கடைக்காரரும் அவர் புது மனைவியும் ஒரே டப்பாவைப் பூசியதில் இருவருக்கும் மச்சம் வந்து, ஜன்னலோர இருக்கைக்கும் பெரிய தலையணைக்கும் அண்ணன் தங்கையாக அடித்துக்கொண்டார்கள். மனைவி பூசுவதை நிறுத்திய ஒரு மாதத்தில் மச்சம் உதிர்ந்து, அவர் முகம் பார்த்து வெட்கப்பட்டாள். அதற்குப் பிறகு நாத்தனார் டப்பாவில் அச்சடித்துவிட்டாள்: தம்பதியரில் ஒருவருக்கு மட்டும்.

அண்ணிக்கு வரவில்லை. ஆளுக்கு ஆள் இரண்டு வேளை பூசினால் அவர் நாலு வேளை பூசினார். ஒரு சின்னக் கொப்புளம் வந்து நம்பிக்கை கொடுத்துவிட்டுப் போனது.

கடைசியில் பெரியப்பா குடும்பக் கூட்டம் கூட்டினார். மச்சம் உள்ளவர்கள் மட்டும் என்று சொல்லியிருந்ததால் பள்ளி மைதானம் கொள்ளவில்லை. அண்ணி கதவுக்கு வெளியே நின்றார். தன் காலத்தில் இந்தக் குடும்பம் எப்படி இருந்தது என்று பெரியப்பா தொடங்குவதற்குள் பல் மருத்துவர் எழுந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் பெரியப்பா. இவ்வளவு பூசியும் அண்ணிக்கு மட்டும் ஏன் வரல?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் பெரியப்பா.

நாத்தனார் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "எப்படி வரும்? வந்தா அண்ணனுக்கு அவங்க தங்கச்சி ஆயிடுவாங்களே. மச்சத்தோட பொறந்தவருக்கு இன்னும் பொண்டாட்டியா இருக்கறதாலதான் வரல. தையற்கடையில நடந்ததைப் பார்த்தீங்கல்ல."

தையற்கடைக்காரர் பலமாகத் தலையாட்டினார். பெரியப்பா நில அளவையாளரின் கண்ணால் அந்தக் கணக்கை இரண்டு முனையிலிருந்தும் அளந்து பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை.

"அப்ப அவன் போன பிறகும்..."

"ஆமா."

வெளியே கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணி, "அப்ப நான் கண்ணாடி பார்க்கறதை விட்டுடலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்தபடியே மூக்கைச் சிந்தினார். பெரியப்பா எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். "உள்ள வாம்மா. எனக்கு ரெண்டு டப்பா எடுத்து வை, முழங்காலுக்கு" என்றார்.

இப்போது பின்கட்டில் கொட்டகை போட்டு, ஆறு பெண்கள் சாமந்தி ஆய்கிறார்கள். வெளியூருக்கும் டப்பா போகிறது. அங்கிருந்தெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் பெட்டியோடு வந்து இறங்கி, எந்த அறையில் படுப்பது என்று கேட்கிறார்கள். பெரியப்பா போன வருடம் காலமானபோது கொள்ளி வைக்க உரிமை கோரியவர்களை வரிசையில் நிறுத்த வேண்டியிருந்தது. அண்ணிக்குத் தலை நரைத்துவிட்டது, கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிறார். இடது காதின் கீழே வெறும் தோல்தான்.