நான்கு காலத்துக்கு ஏழு உடுப்பு

கைகள் இரண்டையும் விரித்தபடி நிற்கிறேன், என் சேலைக்கு மேல் ஏழு சீன உடுப்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாம் செத்துப்போனவளுக்கு, உயிருள்ள உடம்பில் முதலில் அடுக்கி மொத்தமாக உருவிப் பிணத்துக்கு மாட்டுவது இந்த வீட்டு வழக்கமாம், ஈப்போ நகரத்து வெயில் தகரக் கூரையில் இறங்குகிறது, முதுகெலும்போடு வேர்வை ஓடுகிறது, பெட்டியில் கிடப்பவள் என்னைப் பெற்றவள், இன்றுதான் அவள் முகத்தைப் பார்க்கிறேன், பிறந்த பதினெட்டாம் நாள் பெண் வேண்டாமென்று துண்டில் சுற்றி, ரப்பர் தோட்டத்துக் கூலிகளின் லயத்தில் அங்கம்மாவிடம் கொடுத்துவிட்டாளாம், அங்கம்மா பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுகிறவள், பிள்ளையில்லாதவள், எண்ணெய் தேய்த்துத் தேய்த்து என்னைத் தமிழச்சி ஆக்கினாள், லயத்துப் பிள்ளைகள் விடுமா, ஏ சீனச்சி, கண்ணத் தொறந்து பாருடி, அங்கம்மா விளக்குமாற்றோடு ஓடிவருகிறாள், எம்மவள எவன்டா சொன்னது, வாயக் கிழிச்சுப்புடுவேன்.

நேற்று ஆ செங் காரில் வந்தான், பெற்றவளின் மூத்த மகன், மலாய் மொழியில் பேசினான், அம்மா செத்துட்டாங்க, பொண்ணுதான் உடுப்பு எடுத்து மொதல்ல போட்டுக்கணும், எங்க வீட்ல பொண்ணு இல்ல, நீங்க வாங்க அக்கா, ஐம்பத்திரண்டு வருஷம் கேட்காத அக்கா, அந்த ஒரு சொல்லுக்கு வெட்கமில்லாமல் ஏறி உட்கார்ந்தேன், மகளென்று ஒருநாளாவது அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று. சாவுச் சாமான் விற்கும் லிம், தோட்டங்களில் வியாபாரம் செய்து தமிழ் பழகினவர், பாயில் துணிகளைப் பரப்பினார், அங்க போற வழியில நாலு காலமும் வரும்மா, பூ பூக்குறப்போ லேசா, கோடைக்கு மெல்லிசு, எல கொட்டுறப்போ ரெட்டத் துணி, குளிருக்குப் பஞ்சு வச்சது, ஒத்தப்படையா எடுங்க, எனக்குத் தெரிந்த இலை கொட்டும் காலம் வேறு, மரம் மொட்டையாகிப் பால் வற்றி, மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு, பனி விழும் விடியலில் சேலைக்கு மேல் அங்கம்மா மாட்டிய கிழிந்த முழுக்கைச் சட்டை, எல்லாக் காலத்துக்கும் அது ஒன்றுதான், இருந்தும் என்னைக் கொடுத்தவளுக்கு நல்லதாகத்தான் ஏழு எடுத்தேன், வெள்ளைப் பருத்தி, வாழைக்குருத்துப் பச்சைப் பட்டு, சாம்பல் நீலம், எல்லாவற்றுக்கும் மேலே கருநீலப் பஞ்சு அங்கி, கழுத்துவரை துணி முடிச்சு, அவள் நடுங்கக் கூடாதென்று, என்ன பைத்தியக்காரத்தனம்.

உருவ வேண்டிய நேரத்தில் தட்டு ஒன்று சுற்றி வருகிறது, பிள்ளைகள் துக்கம் காக்கப் போட்டுக்கொள்ளும் சாக்குத் துணி முக்காடு, மகன்களுக்கு, மருமகள்களுக்கு, என் பக்கம் வருமுன் தட்டைக் கீழே வைத்துவிட்டார்கள், எனக்கு, என்றேன், ஆ செங்கின் மனைவிதான் சொன்னாள், நீங்க அம்மா கொடுத்துட்ட பிள்ளை, இது குடும்பத்துக்கு, வேலை முடிஞ்சதும் கார் கொண்டுபோய் விடும். வேலை. அதை எப்படி நிறுத்துவதென்று தோட்டத்தில் படித்திருக்கிறேன், விரித்த கைகளை மடக்கி மார்போடு கட்டிக்கொண்டேன், முக்காடு குடுங்க, அப்பதான் கழட்டுவேன், லிம் கெஞ்சுகிறார், கைய விரிங்கம்மா, பெட்டி மூடுற நேரம் போவுது, ஆ செங் தட்டுப் பக்கம் போகவில்லை, போனை எடுத்து லிம்மின் கடைக்கே பேசுகிறான், இன்னொரு ஏழு கேக்குறாரும்மா, என்கிறார் லிம், கடையில் அளவு கேட்டிருப்பார்கள், அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான், தோளை, இடுப்பை, கை நீளத்தை, வந்ததிலிருந்து முதல்முறையாக, பிறகு சீனத்தில் ஏதோ சொன்னான், என்ன சொல்றான், என்றேன், லிம் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அம்மாவோட ஒடம்பு அப்படியே ஒங்களுக்கும்னு சொல்றாரும்மா, எவரும் இந்த உடுப்புகளை உருவ வரவில்லை, கட்டிய கைகளோடு, இத்தனை வெயிலில், அவளுடைய குளிர்காலத்துக்குள் நிற்கிறேன்.