தெரிந்தவர்கள் வலது கை

மூன்றாவது முறையும் தோற்றால் வகுப்பு கையை விட்டுப் போய்விடும். தலைமையாசிரியை இதை நேராகச் சொல்லவில்லை. "புத்தகக் கிடங்கைப் பாத்துக்க ஒரு பொறுப்பான ஆள் வேணும், டீச்சர்" என்று, ஏதோ பதவி உயர்வு கொடுக்கிற முகத்தோடு சொன்னார்.

இருபத்திரண்டு வருடமாக ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள் டீச்சர். விரலிலும் கைப்பையிலும் கண்ணாடியிலும் எந்நேரமும் வெள்ளைப் பொடி ஒட்டியிருப்பதால் பிள்ளைகள் வைத்த பெயர் சாக்பீஸ் டீச்சர். அவள் காதில் விழாது என்று நினைத்துத்தான் அவர்கள் அப்படிச் சொல்வார்கள். விழும், அவளுக்குப் பிடிக்கும்.

அவள் தலையில் இப்போது ஒரு பரீட்சையைக் கட்டியிருந்தார்கள். தொழில்நுட்பம், படைப்பாற்றல், தலைமைத்துவம் இந்த மூன்றிலும் வகுப்பாசிரியர் வளர்ந்திருக்கிறாரா என்று அளந்து பார்க்கிற பரீட்சை. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளர், டேப்லெட் வழியாகப் பதினைந்து நிமிடம் வகுப்பைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவார். அளக்கிறவர் வகுப்புக்குள் காலெடுத்து வைக்கவே வேண்டாம். எவ்வளவு வசதி பாருங்கள்! முதல் முறை டீச்சர் தொண்டை கிழியப் பாடம் நடத்தினாள். மைக் அணைந்திருந்தது. இரண்டாம் முறை மைக் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் மதிப்பீட்டாளர் பதினைந்து நிமிடமும் பார்த்தது அவளுடைய நெற்றியையும் மின்விசிறியையும்தான்.

"அம்மா, இந்தத் தடவை ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்காத" என்றாள் மகள். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் பொறுமை காற்றில் பறந்துவிடும். "டேப்லெட்டை மேஜை மேல வெச்சு, அதைப் பாத்து உக்காந்துக்க. உன் முகமும் தெரியணும், உனக்குப் பின்னாடி பசங்களும் தெரியணும். நடுவுல திரும்பினே, போச்சு."

"பசங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எப்படிடீ பாடம் நடத்துறது?"

"நீ எதுக்கு நடத்துற? தலைமைத்துவம்னா பசங்கதான் பேசணுமாம். அவர் கேள்வி கேப்பாரு, நீ யாரையாவது எழுப்பி விடு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். எழுப்பிவிட்ட பிள்ளை பேந்தப் பேந்த விழித்தால்? பாதி வகுப்பு கையையே தூக்காமல் உட்கார்ந்திருந்தால்? இப்படி நினைத்து நினைத்துப் புழுங்கியபோதுதான் ஆசிரியர் அறையில் பல காலமாக உலவும் அந்தத் தந்திரம் நினைவுக்கு வந்தது. யாராவது சோதனைக்கு வந்தால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வந்தவருக்கு வகுப்பு முழுக்கக் கைகளாகத் தெரியும். ஆசிரியர் வலது கைகளில் ஒன்றாகப் பார்த்துக் கூப்பிட்டுக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு டீச்சர் முகம் சுளித்திருக்கிறாள். இப்போது அவளே மூன்று வாரம் பிள்ளைகளுக்கு அதைப் பழக்கினாள். பின்னக் கணக்கு நடத்த வேண்டிய வாரங்கள் அவை. பாடத்தை இரண்டே பீரியடில் ஓட்டிவிட்டு, மீதி நேரமெல்லாம் கை தூக்க வைத்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே செய்தாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டேப்லெட்டில் மதிப்பீட்டாளர் வந்தார். ஒட்ட வெட்டிய தலை, தூக்கம் போதாத கண். மைக் வேலை செய்தது. டீச்சரின் முகம் முழுசாகத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒவ்வொரு முகமும் கடுகளவு.

"ஒரு சின்னக் கேள்வி" என்றார் அவர். "ஒரு கேக்ல மூணில் ஒரு பங்கு பெரிசா, நாலில் ஒரு பங்கு பெரிசா?"

திரையில் முப்பத்தெட்டுக் கைகளும் சட்டென்று உயர்ந்தன. மதிப்பீட்டாளரின் புருவமும் உயர்ந்தது. டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மூணாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்" என்று கூப்பிட்டாள்.

சுருட்டைமுடிக்காரன் எழுந்தான். "நாலில் ஒரு பங்கு. நாலுதானே சார் பெரிசு?"

டீச்சருக்கு வியர்த்தது. தெரியாமலே தெரியும் என்று நினைத்து வலது கையைத் தூக்கிவிட்டான் போலிருக்கிறது. "வேற யாராவது? கடைசி பெஞ்ச், நடுவுல?" எழுந்த பையன் கூரையையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி, உக்காரு. முதல் பெஞ்ச், நீ சொல்லும்மா."

முதல் பெஞ்சில் வகுப்பின் வாயாடி எழுந்தாள். எழுந்ததும் அழுகையும் ஆத்திரமுமாக வெடித்தாள். "டீச்சர், நான் இடது கைதானே தூக்கியிருக்கேன்! தெரியாதவங்களையே கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க!"

டீச்சர் திரும்பினாள். கைகள் இன்னும் அப்படியே நின்றன. அப்போதுதான் புரிந்தது. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு எதிரே நின்றவளுக்கு, அவர்களுடைய வலது கை எப்போதும் தன் இடப்பக்கம்தான் தெரியும். அந்தப் பழக்கத்தில் திரையிலும் இடப்பக்கம் உயர்ந்த கைகளாகப் பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். பாழாய்ப்போன திரையோ முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் மாற்றிக் காட்டியிருக்கிறது.

"என்ன சொல்றா அந்தப் பொண்ணு?" என்றார் மதிப்பீட்டாளர்.

குழந்தை ஏதோ உளறுகிறாள் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதிரே நின்ற கைகளை அவள் அதற்குள் எண்ணத் தொடங்கியிருந்தாள். இருபத்துமூன்று இடது கைகள். எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிறவனும் இடது கையைத்தான் தூக்கியிருந்தான்.

"தெரியாதவங்க இடது கை தூக்கணும்னு நான்தான் சார் சொல்லி வெச்சேன்" என்றாள், திரும்பாமலே. "உங்களை ஏமாத்துறதுக்கு."

அதற்கு அவர் ஏதோ சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை. மேஜையிலிருந்த செய்தித்தாளை உருவி, ஒரே அளவில் இரண்டு பட்டைகள் கிழித்தாள். ஒன்றை மூன்றாக மடித்துக் கிழிக்கச் சொல்லி வாயாடியிடம் கொடுத்தாள். மற்றதை நான்காகக் கிழிக்கச் சுருட்டையிடம். "இப்போ ரெண்டு பேரும் ஒரு துண்டை வெச்சு அளந்து பாருங்க. யாருக்குப் பெருசு?" சுருட்டை தன் துண்டைப் பார்த்தான், அவள் துண்டைப் பார்த்தான். "நிறையப் பேருக்குப் பிச்சா ஆளுக்குக் கொஞ்சமாத்தான் வரும்" என்றான், யாரோ தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்ட குரலில். வகுப்பு முழுக்கக் காகிதம் கிழிபடும் சத்தம்.

"மேடம், டைம் முடிஞ்சிருச்சு" என்றது டேப்லெட். "நீங்க எதாவது சொல்லணுமா?"

"இந்தப் பாடத்தை ஒழுங்கா முடிக்க ஒரு வாரம் ஆகும் சார். அது வரைக்குமாவது என்னை இங்க விட்டுடச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

அவர் தன் எதிரிலிருந்த ஃபார்மை மேலும் கீழும் பார்த்தார். கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. "அதை எழுத ஃபார்ம்ல இடம் இல்லையே, மேடம்" என்றார். திரை கறுத்தது.

திங்கட்கிழமை புது ஆசிரியை வருவதாகச் சாயங்காலமே உத்தரவு வந்துவிட்டது. டீச்சரிடம் மிச்சமிருந்தது வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அன்று விளையாட்டு பீரியடையும் பிடுங்கிக்கொண்டு காகிதம் கிழித்தாள், நூல் வெட்டினாள், தண்ணீரை டம்ளர்களில் பங்கு போட்டாள். கடைசி மணி அடித்தபோது இருபத்துமூன்று பேரில் பத்தொன்பது பேருக்குப் புரிந்திருந்தது. நான்கு பேருக்குப் புரியவில்லை. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எந்தப் பிள்ளைக்கும் விஷயம் தெரியாது, அவளும் சொல்லவில்லை.

காலி வகுப்பில் உட்கார்ந்து அந்த நான்கு பேரைப் பற்றி ஒரு தாளில் எழுதினாள். எழுதியதும் தாள் தொலைந்துவிடும் என்று பயம் வந்தது. டேப்லெட்டை இழுத்து வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள். யாரிடம் நூலைக் கொடுக்க வேண்டும், யாரிடம் தண்ணீரை. சத்தம் போட்டால் யாருக்குத் தெரிந்ததுகூட மறந்து போகும். யார் புரியாமலே தலையாட்டுவான். மகளைக் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் பிடித்தது. ஒரு தடவை பாதி அழிந்து போய், முதலிலிருந்து தட்டினாள். தலைமையாசிரியையிடம் கேட்டு வாங்கியிருந்த, புது ஆசிரியையின் எண்ணுக்கு அனுப்பியும்விட்டாள். அது போய்ச் சேர்ந்தது என்று திரையில் குறி விழுந்தபோது, அவளுக்கே நம்ப முடியவில்லை.

ஐந்து நிமிடத்தில் புது ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது.

"தேங்க்ஸ் மேம். அந்த டேப்லெட்டோட சார்ஜர் எங்க இருக்கு?"

டீச்சர் எழுந்து தேடினாள். சார்ஜர் அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்து, தூசி தட்டி, வயரைச் சிக்கில்லாமல் சுற்றி மேஜையின் நடுவில் வைத்தாள். "மேஜை மேல இருக்கும்மா" என்று தட்டி அனுப்பினாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.